கல்வெட்டும் தங்கச் சுரங்கமும் கைக்குள்ளே! செல்போனில் ஊரை வரையக் கற்கலாம்

சொந்த ஊருக்குப் போக மடிவாளாவில் ஆம்னி பஸ்சுக்குக் காத்து நிற்காத பெங்களூர்த் தமிழர் இருக்க முடியாது. பண்டிகை நாள் என்றால் கேட்கவே வேண்டாம். கையில் பை, தோளில் குழந்தை, கண் முழுவதும் பஸ் வரும் திசையில்!

அதே மடிவாளாவில் சோமேசுவரர் கோவில் இருக்கிறது. அதன் வெளிச்சுவரில் தமிழ் எழுத்துகளும் கிரந்த எழுத்துகளும் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் பழமையானது 1247-ம் ஆண்டைச் சேர்ந்தது. "வெங்காலூர்" பெரிய ஏரியின் கீழே இருந்த நிலம் தானம் செய்யப்பட்ட செய்தியை அந்தக் கல்வெட்டு சொல்லுகிறது.

தொம்மலூருக்குப் போனால் அங்கும் இதே கதைதான். கம்ப்யூட்டர் கம்பெனிகளும் மேம்பாலமும் சூழ்ந்த அந்தப் பகுதியில் சொக்கநாதசுவாமி கோவில் உள்ளது. பெயரைக் கேட்டால் சிவன் கோவில் என்று தோன்றும். உள்ளே இருப்பவர் பெருமாள்! கோவில் கற்களில் போசள மன்னன் வீர ராமநாதன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அன்றைக்கு அந்த ஊருக்குப் பெயர்.

தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்த இரண்டு இடங்களையும் கடந்து போகிறார்கள். எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாததற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. தெரிவிக்கும் வழி அன்று இல்லை. இன்று இருக்கிறது. அந்த வழி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் செல்போனுக்குள்ளேயே இருக்கிறது.

தொட்டால் பேசும் தேசப்படங்களையும், வீட்டில் உட்கார்ந்தபடியே ஓர் இடத்தைச் சுற்றிப் பார்க்கும் "விர்ச்சுவல் டூர்" எனப்படும் மெய்நிகர் உலாவையும் தயாரிக்கக் கற்றுக்கொள்வதைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

ஏரி போனது, முகவரியும் போனது

பழைய மைசூர் சமஸ்தானத்தில் கல்வெட்டுகளை ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்தவர் லூயிஸ் ரைஸ். அவர் வெளியிட்ட "எபிகிராபியா கர்நாடிகா" வரிசையில் பெங்களூர் மாவட்டத்துக்கு உரிய 9-ம் தொகுதி 1905-ல் வந்தது. கோலார் மாவட்டத்துக்கு உரிய 10-ம் தொகுதியும் அதே ஆண்டில் வந்தது. இரண்டிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. கோலார் பகுதி சோழர் ஆட்சியில் இருந்த நாடு. கோலாரம்மா கோவிலில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு உள்ளதை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள்.

புத்தகத்தில் கல்வெட்டின் வாசகம் இருக்கிறது. ஊர்ப் பெயரும் இருக்கிறது. கல் எங்கே நிற்கிறது என்பதற்கு ஏரிக்கரை, தோட்டம், கோவில் வாசல் என்பது போன்ற அடையாளங்கள்தான் இருக்கின்றன. அந்தக் காலத்துக்கு அது போதும்.

இன்று? பெங்களூரில் ஏரியே காணாமல் போய்விட்டதே! மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. கிராமங்கள் லே-அவுட் ஆகின. லே-அவுட்கள் அடுக்குமாடிகள் ஆகின. ஏரிக்கரைக் கல்லைத் தேடிப் போனவர் கண்டது சில இடங்களில் கார் நிறுத்தும் இடத்தை. வேறு சில இடங்களில் கல்லே உடைந்து சாக்கடை மூடியாகக் கிடந்தது.

ஆனால் அதிர்ஷ்டமும் சில நேரம் கைகொடுக்கிறது. 2018-ல் ஹெப்பாளில் கால்வாய் வேலைக்காகத் தோண்டியபோது ஒரு வீரக்கல் கிடைத்தது. கிட்டய்யா என்ற வீரனின் நினைவாக ஏறத்தாழ கி.பி. 750-ல் நாட்டப்பட்ட அந்தக் கல்தான் பெங்களூரில் இதுவரை கிடைத்த மிகப் பழைய கன்னடக் கல்வெட்டாகக் கருதப்படுகிறது. மண்வெட்டி ஓர் அடி தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

கல்லுக்குக் கம்ப்யூட்டர் கவசம்

1909-ல் தொடங்கப்பட்ட பெங்களூர் மித்திக் சொசைட்டி, 2021-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கல்வெட்டுகளைத் தேடிப் பிடித்து, முப்பரிமாண முறையில் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்துவதே அந்தத் திட்டம். அதற்கு முன்பே கல்வெட்டு ஆர்வலர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராக அலைந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

இதில் இரண்டு பயன்கள். முதலாவது, கண்ணுக்குத் தெரியாத தேய்ந்த எழுத்தும் கம்ப்யூட்டர் திரையில் துலங்குகிறது. வெளிச்சத்தை இடமிருந்தும் வலமிருந்தும் காட்டுவது போலத் திரையில் செய்து பார்க்கலாம். பழைய பாடத்தில் இருந்த பிழைகளைத் திருத்தவும் முடிகிறது.

இரண்டாவது பயன், கல் நிற்கும் இடம் தேசப்படத்தில் புள்ளியாகக் குறிக்கப்படுகிறது. அந்தப் புள்ளியைத் தொட்டால் போதும். கல்லின் படம், காலம், வாசகம் எல்லாம் வருகின்றன. வழியும் காட்டுகிறது. இனி ஏரி போனாலும் தெருவின் பெயர் மாறினாலும் கல்லின் முகவரி மாறாது.

தொட்டால் பேசும் தேசப்படத்தின் தத்துவமே இதுதான். காகிதத் தேசப்படம் "இது எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். தொட்டால் பேசும் தேசப்படம் "இது என்ன? எப்போது? யார் சொன்னது?" என்ற கேள்விகளுக்கும் பதில் சொல்லும்.

சங்கிலியில் இருந்து செயற்கைக்கோள் வரை

நிலம் அளக்கும் வேலைக்கும் தென்னாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1802-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னை பரங்கிமலைக்கு அருகே லாம்ப்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி நீளமுள்ள இரும்புச் சங்கிலியைத் தரையில் மீண்டும் மீண்டும் விரித்து, ஏறத்தாழ ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர் அளந்தார்கள். அந்தக் கோட்டில் இருந்துதான் முக்கோணம் முக்கோணமாக இமயம் வரை இந்தியா அளக்கப்பட்டது.

அந்தச் சங்கிலி செய்த வேலையை இன்று வானில் சுற்றும் செயற்கைக்கோள்கள் செய்கின்றன. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களோடு, இஸ்ரோ 2013 முதல் ஏவிய நமது செயற்கைக்கோள்களும் இடம் சொல்லுகின்றன. திறந்த வெளியில் நின்றால் சாதாரண செல்போனே சில மீட்டர் பிழைக்குள் நாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடும். உயர்ந்த கட்டிடங்களுக்கு நடுவே நின்றால் பிழை கூடும். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் கணக்கைக் குழப்புவதே அதற்குக் காரணம்.

முதல் பாடம்: இரண்டு எண்கள்

தேசப்படம் போடக் கற்பவருக்கு முதல் பாடம் அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான். பள்ளியில் படித்து மறந்த இந்த இரண்டும் இங்கே மறுபடியும் வந்து நிற்கும்.

பெங்களூரின் அட்சரேகை சுமார் 12.97. தீர்க்கரேகை சுமார் 77.59. அட்சரேகையில் ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் எழுதினால் 11 மீட்டர் அளவுக்கு இடம் துல்லியமாகும். ஐந்து இலக்கம் எழுதினால் ஒரு மீட்டர் அளவுக்கு வந்துவிடும். ஒரு கல்லைக் குறிக்க ஐந்து இலக்கம் எழுதுவது நல்லது.

புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சில மென்பொருள்கள் அட்சரேகையை முதலில் கேட்கும். சில மென்பொருள்கள் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். மாற்றிக் கொடுத்தால் பெங்களூர் எங்கே போய் விழும் தெரியுமா? வடதுருவத்துக்கு அருகே, ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் பக்கத்தில்! மெஜஸ்டிக்கில் பஸ் ஏற நினைத்தவர் பனிக்கட்டியில் நிற்பார்.

பணச் செலவில்லாத கருவிகள்

கற்றுக்கொள்ளப் பெரிய கம்ப்யூட்டர் தேவை இல்லை. செல்போனும், வீட்டிலோ நூலகத்திலோ ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரும் இருந்தால் போதும்.

முதல் படிக்கு "கூகுள் மை மேப்ஸ்" ஏற்றது. புள்ளி வைக்கலாம், கோடு போடலாம், படமும் குறிப்பும் சேர்க்கலாம். ஒரு மணி நேரத்தில் கை பழகிவிடும்.

அடுத்த படி "ஓபன்ஸ்ட்ரீட்மேப்". 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. உலகம் முழுவதும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் பொதுத் தேசப்படம் இது. யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். 2015-ம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது இதன் அருமை தெரிந்தது. தண்ணீர் நிற்கும் தெருக்களை மக்களே திரையில் தொட்டுத் தொட்டுக் குறித்தார்கள். வெளியே கிளம்புகிறவர்களுக்கு அது வழிகாட்டியது.

மூன்றாவது படி "கியூ.ஜி.ஐ.எஸ்." என்ற இலவச மென்பொருள். தொழில் முறையில் தேசப்படம் தயாரிப்பவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். பழைய காகித வரைபடத்தை ஸ்கேன் செய்து இன்றைய தேசப்படத்தின் மீது பொருத்திப் பார்ப்பது இதில் உள்ள பெரிய வசதி. காகிதத்தில் உள்ள நான்கைந்து இடங்களை, மாறாமல் நிற்கும் கோவில், தேவாலயம், ரயில் பாதைச் சந்திப்பு போன்றவற்றை, இன்றைய தேசப்படத்தில் அடையாளம் காட்டினால் போதும். பழைய படம் தானாக நெளிந்து வளைந்து சரியான இடத்தில் உட்காரும். எந்த ஏரி எந்தத் தெருவாயிற்று என்பது அப்போது பளிச்சென்று தெரியும்.

இதைக் கற்பிக்க மும்பை ஐ.ஐ.டி.யின் "ஸ்போக்கன் டுட்டோரியல்" பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. டேராடூனில் உள்ள இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனமும் கட்டணம் இல்லாமல் இணையவழி வகுப்புகள் நடத்துகிறது.

வீடு மனை வாங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி. கர்நாடக அரசின் "திஷாங்க்" என்ற செயலியில், நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைப் பார்க்கலாம். ஏரி நிலமா, ராஜகால்வாயா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளலாம். தேசப்படம் படிக்கத் தெரிந்தவர் ஏமாறுவது அரிது.

பெயரில் கவனம் வேண்டும்

பெங்களூரில் தேசப்படம் வரையும் தமிழர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரே இடத்துக்குப் பல மொழிகளில் பெயர் எழுதத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. கன்னடப் பெயருக்குக் கன்னடக் கட்டம், தமிழ்ப் பெயருக்குத் தமிழ்க் கட்டம். தமிழ்ப் பெயரைச் சேர்ப்பதில் தவறு இல்லை. கன்னடப் பெயரை அழித்துவிட்டுத் தமிழ்ப் பெயரை எழுதுவது தவறு.

கல்வெட்டுகளே இதற்கு வழிகாட்டுகின்றன. பேகூர் நாகேசுவரர் கோவிலில் கி.பி. 890-ஐ ஒட்டிய பழங்கன்னடக் கல்வெட்டு பெங்களூரில் நடந்த சண்டையைச் சொல்லுகிறது. மடிவாளாவில் தமிழ்க் கல்வெட்டு வெங்காலூரைச் சொல்லுகிறது. இரண்டு மொழியும் ஒரே மண்ணில் கல்லில் எழுதி வைத்திருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கிற தேசப்படம் பாதித் தேசப்படம்தான்.

சுற்றிப் பார்க்க ஒரு படம்

தேசப்படம் இடத்தைக் காட்டும். மெய்நிகர் உலா இடத்துக்கு உள்ளேயே கூட்டிக்கொண்டு போகும். திரையில் விரலை நகர்த்தினால் கோவில் பிராகாரம் சுழலும். மேலே பார்த்தால் விதானம், கீழே பார்த்தால் தரை. அம்புக்குறியைத் தொட்டால் அடுத்த மண்டபம்.

இதன் சூட்சுமம் எளிது. ஒரே இடத்தில் நின்று நான்கு பக்கமும், மேலும் கீழும் எடுத்த படங்களை ஒன்றாகத் தைக்க வேண்டும். இரண்டு பெரிய லென்சுகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும் 360 பாகைக் காமிரா இதை ஒரே சொடுக்கில் செய்துவிடும். அந்தக் காமிரா இல்லாதவர்கள் செல்போனாலேயே படங்களை வரிசையாக எடுத்து, "ஹியூகின்" என்ற இலவச மென்பொருளில் தைக்கலாம்.

படம் எடுக்கும்போது போனைப் பிடித்துக்கொண்டு ஆள் சுற்றக் கூடாது. லென்ஸ் இருக்கும் இடத்திலேயே நிலைத்திருக்க, அதைச் சுற்றி ஆள் நகர வேண்டும். ஏன்? ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். தலையை இடமும் வலமும் சாய்த்தால், விரல் பின்னால் உள்ள சுவரில் நகர்வது போலத் தோன்றும். லென்ஸ் நகர்ந்தால் தூணும் சுவரும் அதே போல இடம் மாறிவிடும். பிறகு தைத்தால் தூண் இரண்டாகப் பிளந்து தெரியும்.

ஒவ்வொரு படமும் அடுத்த படத்தின் மீது மூன்றில் ஒரு பங்காவது படிந்திருக்க வேண்டும். காலை நேரத்து இளவெயில் நல்லது. உச்சி வெயிலில் வெளிச்சமும் நிழலும் ஒன்றோடு ஒன்று சண்டை போடும்.

தைத்து முடித்த படத்தின் அகலம் உயரத்தைப் போல இரு மடங்காக இருக்கும். சுற்றளவு 360 பாகை, மேலிருந்து கீழ் 180 பாகை என்பதே கணக்கு. பூகோள உருண்டையைத் தட்டையாக விரித்தது போல மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் இழுபட்டுத் தெரியும். "பெனலம்" போன்ற இலவசக் கருவியில் போட்டால் அது மறுபடியும் உருண்டையாகிவிடும். அதன் மீது தொடுபுள்ளிகள் வைக்கலாம். கல்வெட்டைத் தொட்டால் அதன் வாசகம். வாசலைத் தொட்டால் அடுத்த அறை.

கடை மூடினால் சரக்கு போகலாமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. மெய்நிகர் உலா தயாரிக்கக் கூகுள் நிறுவனம் "டூர் கிரியேட்டர்" என்ற வசதியை இலவசமாகத் தந்தது. பள்ளிகளில் பலர் விரும்பிப் பயன்படுத்தினார்கள். 2021-ல் அது மூடப்பட்டது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள்.

ஆகவே மூலப் படங்களையும், இரண்டு எண்களும் குறிப்பும் எழுதிய அட்டவணையையும் சொந்தமாக இரண்டு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று கம்ப்யூட்டரில். இன்னொன்று வேறு வீட்டில் இருக்கும் தட்டில். நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி வைத்தாலும் நல்லதே. கருவி மாறும், கம்பெனி மாறும். அட்டவணை இருந்தால் மறுபடியும் ஒரே நாளில் தேசப்படம் போட்டுவிடலாம்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

2011-ல் கூகுளின் தெருக்காட்சிக் கார்கள் பெங்களூரில் படம் எடுக்கத் தொடங்கின. பாதுகாப்பைக் காரணம் காட்டிப் போலீசார் நிறுத்தச் சொன்னார்கள். பதினொரு ஆண்டுகள் கழித்து, 2022-ல்தான் இந்திய நிறுவனங்களின் கூட்டோடு பெங்களூர், சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களில் அந்த வசதி வந்தது.

இடையில் 2021 பிப்ரவரியில் மத்திய அரசு புதிய விதிமுறைகளை வெளியிட்டது. தேசப்படம் தயாரிக்க இந்தியர்கள் முன் அனுமதி வாங்கத் தேவை இல்லை என்று அதில் சொல்லப்பட்டது. ஆனாலும் ராணுவ இடங்கள் போன்ற பாதுகாப்பு விவரங்களைக் குறிக்கக் கூடாது. பெங்களூரில் ராணுவ, விமானப்படை இடங்கள் நிறைய இருப்பதால் எச்சரிக்கை அவசியம். டிரோன் பறக்கவிடுவதற்குத் தனி விதிகள் இருக்கின்றன. கற்றுக்கொள்பவருக்கு டிரோன் தேவையே இல்லை.

கோவிலுக்குள் படம் எடுக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ரயில் நிலையங்களிலும் தண்டவாளப் பகுதியிலும் அப்படியே. வீட்டு வாசலில் நிற்கும் பெண்கள், தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள், குழந்தைகள் ஆகியோரின் முகங்களை மங்கலாக்காமல் வெளியிடக் கூடாது.

தங்கவயல் காத்திருக்கிறது

கல்வெட்டுகளை அறிஞர்கள் கவனிக்கிறார்கள். அறிஞர்களால் மட்டும் செய்ய முடியாத, தமிழர்கள் கை வைத்தால்தான் முடியும் என்ற ஒரு வேலை பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் கோலார் தங்கவயல்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கத் தொழிலைக் கையில் எடுத்தது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களில் இருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் போய்ச் சேர்ந்தன. 1902-ல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் இருந்து அங்கே மின்சாரம் போனது. பெங்களூர் நகரத்துக்கே அதன் பிறகுதான் மின்விளக்கு வந்தது! சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போனது. 1965-ல் விஞ்ஞானிகள் அதே சுரங்கத்தின் ஆழத்தில்தான் விண்வெளிக் கதிர்களால் உண்டாகும் நியூட்ரினோ துகள்களைப் பதிவு செய்தார்கள்.

2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. தண்ணீர் இறைக்கும் பம்புகள் நின்றன. சுரங்கப் பாதைகளில் தண்ணீர் நிறைந்தது. தங்கவயல் இளைஞர்கள் இன்று விடியற்காலையில் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்புகிறார்கள்.

பூமிக்கு அடியில் இருந்த உலகத்தை இனி எந்தக் காமிராவும் படம் பிடிக்க முடியாது. அந்த உலகத்தின் தேசப்படம் இப்போது ஒரே இடத்தில்தான் முழுதாக இருக்கிறது. உள்ளே இறங்கி வேலை செய்த பெரியவர்களின் நினைவே அந்த இடம். சுரங்கம் மூடிய நாளில் ஐம்பது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபதுக்கு மேல். காலம் காத்திருக்காது.

கம்பெனியின் வரைபடங்களில் தண்டுக் குழியும் மட்டமும் அளவோடு இருக்கும். ஆனால் எந்த மட்டத்தில் உடம்பு நெருப்பாகச் சுட்டது, எந்த வளைவில் நின்று சாமி கும்பிட்டார்கள், பாறை வெடித்தபோது எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பது அவற்றில் இருக்காது. லைன் வீடுகளின் வரிசைகளுக்குத் தொழிலாளிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர்களும் இருக்காது.

பேரன் செய்ய வேண்டியது

இதற்கு நிபுணர் வர வேண்டியதில்லை. தேசப்படம் போடக் கற்ற பேரனோ பேத்தியோ போதும்.

"தாத்தா, நீங்க குடியிருந்த லைன் எது? அதுக்கு நீங்க என்ன பேர் சொல்லுவீங்க?" என்று கேட்டுவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கே போக வேண்டும். அங்கே நின்று இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுற்றிலும் படம் எடுக்க வேண்டும். அவர் பேசுவதைச் செல்போனில் பதிவு செய்ய வேண்டும். அந்தக் குரலைத் தேசப்படப் புள்ளியோடு இணைத்துவிடலாம். பிறகு எந்த ஊரில் இருந்து யார் அந்தப் புள்ளியைத் தொட்டாலும் தாத்தாவின் குரல் கேட்கும்.

நடக்க முடியாதவரிடம் காகிதமும் பென்சிலும் கொடுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் அவர் கையால் வரையட்டும். அதைக் கியூ.ஜி.ஐ.எஸ்.சில் பொருத்திக்கொள்ளலாம். கூண்டு ஏறிய இடம், சம்பளம் வாங்கிய இடம், சங்கக் கூட்டம் நடந்த இடம், ஆஸ்பத்திரி, கோவில், தேவாலயம் என்று கேட்கக் கேட்க நினைவு வரும். பாட்டிகளையும் மறக்கக் கூடாது. தண்ணீர் எங்கே பிடித்தார்கள், விபத்துச் செய்தி வந்தால் எங்கே போய்க் காத்து நின்றார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டு பெரியவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் என்ன செய்வது? இரண்டையும் எழுதி, யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று குறிக்க வேண்டும். கற்பவர் தாமாகவே ஒன்றை வெட்டித் தள்ளக் கூடாது. சொல்பவரின் சம்மதம் இல்லாமல் குரலையோ படத்தையோ வெளியிடவும் கூடாது.

காட்டுவதா, மறைப்பதா?

எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டிவிடலாமா என்பது கடினமான கேள்வி. கல்வெட்டின் கீழே புதையல் இருக்கும் என்ற மூட நம்பிக்கையால் கற்களை உடைத்தவர்கள் உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நிற்கும் கல்லின் சரியான இடத்தைப் போட்டால் திருடனுக்கும் வழிகாட்டியதாகும். போடாவிட்டால் மண் தோண்டும் எந்திரம் தெரியாமல் இடித்துவிடும்.

ஊர் மக்களிடம் முதலில் சொல்லி, கல் அவர்களுடைய பெருமை என்று உணர்த்திவிட்டு, பிறகு தேசப்படத்தில் போடுவதே நல்ல வழி. ஊர் காக்கும் கல்லைத் திருடன் நெருங்க மாட்டான். தங்கவயலில் பாழடைந்த சுரங்க வாய்களைப் பற்றி எழுதும்போது, அபாயம் என்ற எச்சரிக்கையை முதலில் எழுத வேண்டும். வேலி போட்ட இடத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. விளையாட்டுப் பிள்ளைகள் தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே போய்விடக் கூடாது அல்லவா?

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தேசப்படத்தில் ஒருவர் வீட்டைக் குறித்துவிட்டதால் அந்த வீடு அவருக்குச் சட்டப்படி சொந்தமாகிவிடாது. பட்டாவும் பத்திரமும் வேறு. ஆனால் இன்ன இடத்தில் இன்னார் வாழ்ந்தார்கள் என்ற சரித்திரத்தை யாரும் துடைத்துவிட முடியாது.

வேலை கிடைக்குமா?

பெற்றோர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நில அளவை, சாலை, குடிநீர், மின்சாரம், வீட்டு விற்பனை, சரக்கு விநியோகம் என்று தேசப்படம் இல்லாத துறை இப்போது இல்லை. ஓட்டல்களும் கல்யாண மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் மெய்நிகர் உலா கேட்கின்றன. ஐ.டி.ஐ.யில் சர்வே படித்தவர்கள் கியூ.ஜி.ஐ.எஸ்.சும் கற்றால் மதிப்பு கூடும்.

அதற்காக, பத்து நாள் படித்தால் லட்சம் சம்பளம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணத்தைக் கொட்ட வேண்டாம். தொடக்கப் பாடங்கள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. சொந்தமாகச் செய்த ஒரு நல்ல தேசப்படத்தைக் காட்டுவது பத்துச் சான்றிதழுக்குச் சமம்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள்

ஆர்வம் உள்ளவர்கள் இப்படித் தொடங்கலாம். முதல் ஞாயிறு: வீட்டைச் சுற்றிப் பத்து இடங்களுக்குப் போய், எண்களைக் குறித்து, மை மேப்சில் புள்ளி வைப்பது. இரண்டாவது ஞாயிறு: ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருவில் விட்டுப்போன கடை, மருந்தகம், பஸ் நிறுத்தம் ஆகியவற்றைச் சேர்ப்பது. மூன்றாவது ஞாயிறு: ஒரே ஓர் இடத்தைச் சுற்றிலும் படம் எடுத்துத் தைத்துப் பார்ப்பது. நான்காவது ஞாயிறு: ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து, அவர் சொல்லும் மூன்று இடங்களைக் குரலோடு தேசப்படத்தில் ஏற்றுவது.

நான்காவதைத் தள்ளிப் போடவே கூடாது. கல் இன்னும் சில நூறு ஆண்டுகள் நிற்கும். மென்பொருளை அடுத்த ஆண்டும் கற்கலாம். தங்கவயல் பெரியவர்களின் நினைவு மட்டும் அடுத்த ஆண்டு வரை இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மாரிகுப்பம் ரயிலில் தினமும் வந்து போகும் இளைஞர்கள் கையில் செல்போன் இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் தாத்தா இருக்கிறார். இரண்டையும் ஒன்று சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.